மூன்று பிஸ்கட், இரண்டு துண்டு சாக்லேட்: ஒரு துருவப் பயணத்தின் சாப்பாட்டுக் கணக்கு

1911 ஜூன் 27. அண்டார்க்டிகாவில் நடுக்குளிர்காலம், பகல் என்ற ஒன்றே கிடையாது. கேப் எவன்ஸ் குடிலிலிருந்து மூன்று பேர், இரண்டு சறுக்குவண்டிகளில் 343 கிலோ சுமையைத் தாங்களே இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் நடந்தார்கள். எட்வர்ட் வில்சன் மருத்துவர். ஹென்றி பவர்ஸ் கடற்படைக்காரர். ஆப்ஸ்லி செர்ரி-கேரார்ட் இருபத்தைந்து வயதுப் பையன், கிட்டப்பார்வைக்காரர். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து கேப் குரோசியர் போய் எம்பரர் பெங்குவின் முட்டை எடுத்துவர வேண்டும். கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. அடுத்த கோடையில் ராபர்ட் ஸ்காட்டின் குழு தென்துருவத்துக்கு நடக்கப்போகிறது. அவர்கள் என்ன சாப்பிட்டால் தாங்கும் என்று இந்த மூவரும் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மலையேற்றத்துக்கோ வெள்ளக் காலத்துக்கோ பையில் என்ன எடுத்து வைக்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலை நம்பிப் போனவருக்கு என்ன ஆனது என்ற தகவல் மட்டும் கிடைக்காது. ஸ்காட் பயணத்தில் அது கிடைக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் எத்தனை அவுன்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்களின் நாட்குறிப்புகளும் இருக்கின்றன, கடைசி நாள் வரை. நூறு வருடத்துக்கு முந்தைய கதையை இங்கே பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

கொழுப்பில் தொடங்கலாம். ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. முதுகில் சுமப்பவனுக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. வட அமெரிக்கச் சமவெளியின் பழங்குடிகள் இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமலே கண்டுபிடித்திருந்தார்கள். காட்டெருமை இறைச்சியை மெல்லிசாக அறுத்துக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து தோல்பையில் அடைத்துவிடுவார்கள். சில இடங்களில் காட்டுப் பழமும் சேரும். நம் ஊர் உப்புக்கண்டத்தை உரலில் இடித்து, அதற்குச் சமமாக நெய் ஊற்றி உருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெம்மிக்கன். கொழுப்பைக் குறிக்கும் க்ரீ மொழிச் சொல்லிலிருந்து வந்தது. கனடாவின் விலங்குத் தோல்-ரோம வணிகமே இந்தப் பைகளின் மேல்தான் ஓடியது. 1814இல் செந்நதிக் குடியேற்றத்தின் ஆளுநர், பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஆணையே போட்டார், அதனால் சண்டை மூண்டது.

ஸ்காட் எடுத்துப்போனது கோபன்ஹேகனில் தயாரான பெம்மிக்கன், அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. பிஸ்கட்டை இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் இந்தப் பயணத்துக்கென்றே செய்து கொடுத்தது. இவை இரண்டும், வெண்ணெயும், தேயிலையும். குளிர்காலப் பயணத்தில் மூவருக்கும் சாப்பாடு இவ்வளவுதான்.

சோதனை எளிமையானது. ஒரு நாளைக்கு ஆளுக்கு மொத்தம் 32 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 907 கிராம். அதற்குள் விகிதம் மட்டும் மாறும். வில்சன் கொழுப்புப் பக்கம்: வெண்ணெய் 227 கிராம், பெம்மிக்கன் 340, பிஸ்கட் 340. பவர்ஸ் புரதப் பக்கம்: பெம்மிக்கன் 454, பிஸ்கட் 454. மிச்சமிருந்த மாவுச்சத்து செர்ரி-கேரார்டின் தலையில் விழுந்தது: பிஸ்கட் 567, பெம்மிக்கன் 340. தனக்குக் கொழுப்பு தேவைப்படும் என்று அவருக்கு அப்போதே தெரியும். வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தம் இருந்ததால் சரி என்றார்.

ஜூலை முதல் வாரத்தில் குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. பவர்ஸ் வழக்கம்போல நன்றாகவே இருந்தார், ஆனால் கூடுதல் பெம்மிக்கன் முழுவதையும் அவரால் தின்ன முடியவில்லை. வில்சன் வெண்ணெயை மிச்சம் வைத்தார். செர்ரி-கேரார்டுக்குப் பசி அடங்கவில்லை, நெஞ்செரிச்சல் வேறு, மற்ற இருவரைவிடப் பனிக்கடியும் (குளிரில் தோலும் சதையும் உறைந்துபோவது) அதிகம். பிஸ்கட்டை 680 கிராமாக உயர்த்திப் பார்த்தார். வயிறு நிறைந்தது, வேட்கை தீரவில்லை. கடைசியில் பண்டமாற்றுதான். வில்சனால் தின்ன முடியாத 113 கிராம் வெண்ணெய் இவருக்கு வந்தது, இவருக்குப் பயன்படாத 113 கிராம் பிஸ்கட் அவருக்குப் போனது. இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: பெம்மிக்கன் 340, பிஸ்கட் 454, வெண்ணெய் 113. அந்த வெண்ணெயையும் எல்லா நாளும் முடிக்கவில்லை.

பொதுவாக இதைக் ‘கொழுப்பு ஜெயித்தது’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மூவரில் இருவர் தட்டில் மிச்சம் வைத்தார்கள் என்பது. மைனஸ் 60இல், நாள் முழுக்க வண்டி இழுத்த பசியில், வெண்ணெய் மிச்சம்! காகிதத்தில் கிராமுக்கு எத்தனை கலோரி என்பது ஒரு கணக்கு. வாய் எவ்வளவு ஏற்கும் என்பது வேறு கணக்கு. தின்ன முடியாமல் திரும்பி வரும் உணவுக்குக் கலோரி பூஜ்யம், எடை மட்டும் முழுசாக இருக்கிறது. கடையில் பார்த்த ‘எனர்ஜி பார்’ பத்தை வாங்கி, ஒன்றைக்கூட வீட்டில் கடித்துப் பார்க்காமல் மலைக்கு எடுத்துப்போன எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் மதியம் அதைக் கண்டாலே குமட்டும்.

இன்னொரு சங்கதி. உணவில் கிராம் கிராமாகக் குறைத்தார்களே, தூங்கும் பைகளோ அவர்களுடைய மூச்சின் ஈரமும் வியர்வையும் உறைந்து, திரும்பி வரும்போது இரண்டு மடங்குக்கு மேல் கனத்திருந்தன. எடை நாம் பார்க்கும் பக்கத்திலிருந்து வருவதில்லை. முட்டைகள் மூன்று மட்டும் உடையாமல் வந்தன. ஆகஸ்ட் 1 அன்று மூவரும் உயிரோடு குடிலுக்குள் நுழைந்தார்கள். கொண்டுபோன அடுப்பு எண்ணெய் நினைத்ததைவிட வேகமாகத் தீர்ந்து, நடுவில் பெங்குவின் கொழுப்பை எரித்துச் சமாளித்திருந்தார்கள். சாப்பாட்டு விகிதம் பற்றிய முடிவைக் குறித்துக்கொண்ட குழு, இந்த எண்ணெய்ச் செய்திக்கு அதே அளவு காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

துருவப் பயணத்தில், துருவத்தைச் சுற்றிய உயரமான பனிச் சமவெளிக்கான மேட்டுநில ரேஷன் இப்படி முடிவானது: ஆளுக்கு நாளொன்றுக்கு பிஸ்கட் 454 கிராம், பெம்மிக்கன் 340, சர்க்கரை 85, வெண்ணெய் 57, தேயிலை 24, கோகோ 16. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, சுமார் 4,500 கலோரி. அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை. இன்றைக்கும் மலையேறிகள் கிராமுக்கு நாலரை கலோரி வந்தால் நல்ல பை என்பார்கள்.

ஆனால் வண்டி இழுக்கும் உடம்பு எரித்தது 6,000 கலோரிக்கும் மேல் என்று பிற்கால மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒரு நாளைக்கு 1,500 பற்றாக்குறை என்றே வைத்தாலும், ஐந்து நாளுக்கு ஒரு கிலோ உடம்பு கரையும். 1992-93இல் ரனல்ஃப் ஃபியன்ஸ், மைக் ஸ்ட்ராவுட் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் இதே கண்டத்தில் வண்டி இழுத்து நடந்தபோது, ஸ்காட் குழுவைவிட அதிகமாகச் சாப்பிட்டும் ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள். இதற்கு மேல் சாப்பாடு ஏற்றினால் வண்டி கனக்கும், கனத்தால் நடை குறையும், நடை குறைந்தால் நாள் கூடும், நாள் கூடினால் சாப்பாடு இன்னும் வேண்டும். பயணம் நீளமானால் எந்தப் பையும் இந்தச் சுழலில் மாட்டும். பந்தி சமமாக இருந்ததும் ஒரு சிக்கல். குழுவிலேயே பெரிய உடம்புக்காரர் எட்கர் எவன்ஸ். மற்றவர்களுக்கு என்னவோ அதே அளவுதான் அவருக்கும். துருவம் போன குழுவில் யாரும் உயிரோடு திரும்பவில்லை, முதலில் விழுந்தவர் அவர்தான், 1912 பிப்ரவரி 17இல். தலையில் அடி, கையில் ஆறாத காயம், பனிக்கடி என்று வேறு காரணங்களும் உண்டு, பசியின் மேல் மட்டும் பழி போட முடியாது.

அடுத்தது, எனக்கு இந்த முழுக் கதையின் மையமாகத் தெரியும் பொருள்: எண்ணெய் டின்னின் வாஷர்.

அவர்கள் அடுப்பு ப்ரைமஸ். நம் வீடுகளில் எரிவாயு வருவதற்கு முன்பு சீமெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்துப் பற்றவைத்த அதே ஸ்டவ். துருவத்தில் அது சமையலுக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கும் அதுதான் வழி. சுற்றிலும் பனி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது, உருக்கித்தான் ஆக வேண்டும். சென்னையில் 30 டிகிரி குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, மைனஸ் 30இல் இருக்கும் ஒரு கிலோ பனியைக் கொதிக்கவைக்க அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். பெம்மிக்கனைச் சுடுதண்ணீரில் கரைத்துக் கூழாக்கித்தான் குடிப்பார்கள். தேநீர், கோகோ எல்லாமே நெருப்பை நம்பியவை. நெருப்பு இல்லையென்றால் அந்த 4,500 கலோரியில் பெரும்பகுதி கல்.

திரும்பும் வழியில் சாப்பாடும் எண்ணெயும் இடையிடையே சேமிப்புக் கிடங்குகளில் வைக்கப்பட்டிருந்தன. டின்களின் மூடிக்குத் தோல் வாஷர். கடுங்குளிரிலும் வெயிலிலும் அது கெட்டு, எண்ணெய் ஆவியாகவும் கசிவாகவும் போய்விட்டது. டின்னைப் பார்த்தால் முழுசாக இருக்கும், திறந்தால் குறைந்திருக்கும். 1912 மார்ச் தொடக்கத்தில் ஒரு கிடங்கை அடைந்தபோது அடுத்த கிடங்குக்குப் போய்ச்சேரவே போதுமா என்ற நிலை. குளிரோ மைனஸ் 40. இதற்கு மேல், கடைசி நேரத்தில் நால்வர் குழுவை ஸ்காட் ஐவராக்கியிருந்தார். பொட்டலங்கள் எல்லாம் நால்வருக்குக் கட்டியவை. ஐந்து பேருக்குச் சமைக்க நாளுக்கு அரைமணி நேரம் கூடுதலாக ஆகிறது என்று அவரே குறித்திருக்கிறார். அரைமணி நேரம் என்றால் அரைமணி எண்ணெய்.

மார்ச் முதல் வாரக் குறிப்பு ஒன்றில், கட்டியான பெம்மிக்கனை லேசாகக் குளிர் விட்டதும் அப்படியே தின்றுவிட்டுப் படுத்ததாக எழுதுகிறார். இப்படிச் சாப்பிடுவதுதான் தங்களுக்குப் பிடிக்கிறது என்று ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டார்களாம். படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிடுவேன். மார்ச் 29 தேதியிட்ட கடைசிக் குறிப்பில் 20ஆம் தேதி நிலவரம் இருக்கிறது: ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீர் போட எரிபொருள், இரண்டு நாளுக்கு அரைகுறைச் சாப்பாடு. சாப்பாட்டை நாளால் அளக்கிறார், எரிபொருளைக் கோப்பையால் அளக்கிறார். முந்தித் தீர்ந்தது எது என்று அந்த வரியே சொல்லிவிடுகிறது. பெரிய கிடங்கு அங்கிருந்து 20 கிலோமீட்டர். வெளியே புயல்.

அதே கண்டத்தில், அவர்களுக்கு ஒரு மாதம் முன்பே துருவத்தைத் தொட்டுத் திரும்பிய நார்வேக்காரர் அமுண்ட்சென் தன் எண்ணெய் டின்களின் வாயை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார். அவருடைய பெம்மிக்கனில் ஓட்ஸும் காய்கறியும் கலந்திருந்தது. ஆட்கள் குளிர்காலம் முழுக்க அரைவேக்காட்டு சீல் இறைச்சி தின்றவர்கள். நாய்களை ஓட்டிப்போய் அவற்றையே தின்றதும் உண்டு. அந்த விவாதம் இந்த ஆய்வுக்கு வேண்டாம்.

சீல் இறைச்சியைச் சும்மா சொல்லவில்லை. ஸ்காட்டின் மேட்டுநில ரேஷனை மறுபடி பாருங்கள். அதில் வைட்டமின் சி என்பதே இல்லை. குறை சொல்லவும் முடியாது, ‘வைட்டமின்’ என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. உடம்பின் கையிருப்பு சில மாதங்கள் தாங்கும், அதற்குப் பிறகு ஸ்கர்வி என்ற நோய். கடைசி உதவிக் குழுவோடு ஜனவரி 4 அன்று திருப்பி அனுப்பப்பட்ட துணைத் தலைவர் டெடி எவன்ஸுக்கு (எட்கர் எவன்ஸ் வேறு ஆள்) அது வந்தது. நிற்க முடியவில்லை, பிறகு வண்டியில் கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. கலோரிப் பற்றாக்குறை வயிற்றில் தெரியும், இது மாதக்கணக்கில் ஒரு சத்தமும் போடாது. நம் ஊர் மூன்று நாள் மலையேற்றத்துக்கும் ஒரு வார வெள்ளத்துக்கும் ஸ்கர்வி பயம் இல்லை. அதனால் அவசரப் பெட்டியில் வைட்டமின் மாத்திரை அடுக்குபவர்கள் அந்த இடத்தில் இன்னொரு பாட்டில் தண்ணீர் வைக்கலாம்.

நம் ஊர் என்றதும் என் வீட்டுக் கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. அவசரப் பெட்டி என்று பெருமையாக நான் தயார் செய்து வைத்திருந்ததைத் திறந்தால், ஒரு டஜன் நூடுல்ஸ் பாக்கெட், சூப் பொடி, சத்துமாவு. எல்லாம் எடை குறைவு, எல்லாம் அடக்கம். இண்டக்‌ஷன் அடுப்பு செத்துக் கிடந்தது, சிலிண்டரை எப்போதோ திருப்பிக் கொடுத்திருந்தோம். குடிதண்ணீர் கேன் ஒன்றரை மிச்சம். மேல்வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் அவலை நனைத்து, வெல்லமும் தேங்காயும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். “நூடுல்ஸ அப்புறமா ஊறவச்சு தின்னுக்கலாம் தம்பி, இத சாப்பிடு” என்றார். துருவக் கதையை அதற்கு முன்பே படித்தவன்தான் நான். என் பெட்டியின் வாஷர் எது என்று மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது பெட்டியை மாற்றியிருக்கிறேன். முதல் கேள்வி கலோரி இல்லை: இதைத் தின்ன நெருப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா? கடலை மிட்டாய் இரண்டையும் கேட்காது. நூறு கிராமுக்கு ஏறக்குறைய 500 கலோரி, பையில் இடமும் அடைக்காது. கோவில்பட்டிக்காரர்கள் புவிசார் குறியீடு வாங்கியது சுவைக்காக இருக்கலாம், நான் அவர்களுக்குப் பெம்மிக்கன் வரிசையில் இடம் கொடுப்பேன். எள்ளுருண்டை, பேரீச்சை, கொப்பரைத் துண்டு எல்லாம் இதே கட்சி. அவலுக்குப் பச்சைத் தண்ணீர் போதும். பொரி ஏமாற்றுக்காரன். கையில் எடுத்தால் காற்றாக இருக்கும், ஆனால் கிராம் கணக்கில் கலோரி அரிசியை ஒட்டித்தான் வரும், ஒரு கிலோ எடுத்தால் பையில் வேறெதற்கும் இடம் இருக்காது. முறுக்கு, மிக்சர் வகையறாவில் உப்பு தாகத்தைக் கூட்டும், எண்ணெய் ஆறேழு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

தண்ணீர் குறைவாக இருக்கும் இடத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கப்பல்களின் உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 10,000 கிலோஜூலுக்குக் குறையாத உணவு, அதாவது சுமார் 2,400 கலோரி, கூட 3 லிட்டர் குடிதண்ணீர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த உணவு பெரும்பாலும் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த கட்டி பிஸ்கட், புரதம் கம்மி. புரதம் செரித்த கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றத் தண்ணீர் செலவாகும், அதனால்தான். மலையில் ஓடை இருந்தால் வேர்க்கடலையை அள்ளித் தின்னலாம். மொட்டைமாடியில் ஒன்றரைக் கேனோடு உட்கார்ந்திருந்தால் வெல்லமும் அவலும் மேல்.

டெடி எவன்ஸ் கதை பாதியில் நிற்கிறது. அவரை இழுத்து வந்தவர்கள் இருவர், வில்லியம் லாஷ்லி, டாம் கிரீன். பிப்ரவரி 18 அன்று அவர்களால் அதற்கு மேல் வண்டியை நகர்த்த முடியவில்லை. உதவி கிடைக்கும் ஹட் பாயின்ட் இன்னும் 56 கிலோமீட்டர். லாஷ்லி நோயாளியோடு கூடாரத்தில் தங்கினார், கிரீன் தனியாகக் கிளம்பினார். ஏற்கெனவே மூன்றரை மாதம் நடந்த கால்கள். கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை, அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாதவனுக்குப் பெம்மிக்கன் எதற்கு? பையில் போட்டுக்கொண்டது மூன்று பிஸ்கட், இரண்டு துண்டு சாக்லேட்.

பாதிக்குச் சற்று முன்னால் ஐந்து நிமிடம் பனியில் உட்கார்ந்தார். சாக்லேட்டையும் இரண்டு பிஸ்கட்டையும் தின்றார். மூன்றாவதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து நடந்தார். பதினெட்டு மணி நேரத்தில் ஹட் பாயின்ட் போய்ச் சேர்ந்தார். அவர் உள்ளே நுழைந்து அரைமணி நேரத்தில் புயல் இறங்கியது. அங்கே இருந்த மருத்துவர் அட்கின்சன் கொஞ்சம் பிராந்தியும் பிறகு கஞ்சியும் கொடுத்தார். கிரீனுக்கு எல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிட்டது.